தாழிக்குள் இருந்த சீக்கு

தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியெடுத்த மண்டையோடுகளை, 1930இல் உடற்கூறியலாளர் சக்கர்மன் அளந்து எழுதினார். எந்த இனம் என்பதே காலனிய அறிவின் முதல் கேள்வி. 'என்ன சீக்கு, யார் கஞ்சி ஊத்துனா?' என்பது பின்னுக்குப் போயிற்று.

காலரா ஆளைச் சட்டென்று கொல்லும், எலும்பில் தடமிராது. தொழுநோயும் காசநோயும் எலும்பில் இறங்க வருஷக்கணக்காகும். ஆக, எலும்பின் தழும்பு சாவுக்கு மட்டும் சாட்சியல்ல. சீக்கோடு நெடுநாள் இருந்த வாழ்வுக்கும் சாட்சி. அந்த ஆளை யாரோ பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும்.

கேட்டால் எலும்பு சொல்லும். ராஜஸ்தானின் பாலாத்தலில், சுமார் 4000 ஆண்டுப் பழைய எலும்புக்கூட்டில் தொழுநோய்த் தடங்களை 2009இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர்.

நம்ம தாழிகளிடம் இனம் கேட்டது போதும். சீக்கைக் கேட்போம், கஞ்சி ஊத்துன கையைக் கேட்போம்.