வாய்க்குள் இருந்த பொன்

உடலின் அரசியலைப் பேசுகிறவர்கள் கண், தோல், பைத்தியம், சிறை என்று எங்கெங்கோ போகிறார்கள். கடைவாய்க்குள் மட்டும் எட்டிப் பார்ப்பதில்லை. 'பல்லுல என்னய்யா அரசியல்?' என்று சிரித்துவிடுவது சுலபம். சொத்தைப் பல்லை அடைக்கும் ஒரு சின்ன உலோகத் துண்டின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் அது மைய வங்கியின் பேரேடுவரை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடலாம். சொத்தையைச் சுரண்டியபின் குழி சின்னதாக இருந்தால் ஏதாவது பசையை வைத்து அங்கேயே அடைத்துவிடுவார்கள். குழி பெரிசு, ஆனால் பல் இன்னும் உருப்படியாக இருக்கிறது, அதை முழுக்க ராவிக் கேப் மாட்ட மனசு வரவில்லை என்றால் இடையில் ஒரு வழி உண்டு. குழியின் அளவுக்கு வாய்க்கு வெளியே ஒரு துண்டைச் செய்துகொண்டு வந்து ஒட்டுவது. மெல்லும் பரப்பின் மேடுகளுக்கு நடுவே பதிந்தால் அது இன்லே. மேடுகளையும் சேர்த்து மூடி உட்கார்ந்தால் ஆன்லே. ஒரு வாய், ஒரு பல், ஒரு குழி: அதற்கு மட்டுமே அது பொருந்தும். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடக்கலாம். இதைப் பக்கத்துப் பல்லுக்குக்கூட மாற்ற முடியாது. தனிமனித அடையாளம் இவ்வளவு இறுகிப்போன பொருள் அபூர்வம். அதைச் செய்ததோ பெரும்பாலும் தங்கத்தில். தங்கத்துக்கு ஞாபகம் கிடையாது. உருக்கினால் போச்சு.

பல்லில் குழி தோண்டிப் பதிக்கும் வேலையை ஐரோப்பா கண்டுபிடிக்கவில்லை. மாயா மக்கள் கி.பி. முதல் ஆயிரத்தாண்டிலேயே முன்பற்களைத் துளைத்து ஜேட் என்னும் பச்சைக்கல்லையும் பைரைட்டையும் பதித்தார்கள். அது சொத்தைக்கு வைத்தியம் இல்லை, நல்ல பல்லில் செய்துகொண்ட அலங்காரம். மரப்பிசின் சேர்ந்த அந்த ஒட்டுப்பசையை 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு அலசியிருக்கிறது. அரச குடும்பத்துப் பகட்டு என்றே வெகுகாலம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சாதாரணர்களின் புதைகுழிகளிலும் கிடைத்தபிறகுதான் அந்தக் கதையாடல் ஆட்டம் கண்டது. இறந்தவரின் வாயிலேயே கல்லை விட்டுப் புதைத்தார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

நவீன இன்லேயின் பிறப்பு 1907 ஜனவரி என்று பல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இலினாய் மாநிலத்து ஃப்ரீபோர்ட்டைச் சேர்ந்த வில்லியம் டாகர்ட் நியூயார்க்கில் தன் வார்ப்பு முறையை விளக்கினார். அதற்குமுன் தங்கத் தகட்டைத் துணுக்குத் துணுக்காக வாய்க்குள்ளேயே வைத்துத் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். மணிக்கணக்கில் வாயைத் திறந்துகொண்டு கிடக்க வேண்டும். டாகர்ட் குழியில் மெழுகை அழுத்தி வடிவம் எடுத்தார். அதைச் சுற்றி அச்சுக்குழம்பை ஊற்றி, மெழுகை எரித்துப் போக்கி, அந்த வெற்றிடத்தில் உருகிய தங்கத்தை அழுத்தத்தோடு செலுத்தினார். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, வண்டல்மண் பூசி வார்ப்பதும் இதே தத்துவம்தான். உடனே 'எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்' என்று கிளம்பிவிட வேண்டாம். பல சமூகங்களுக்குத் தெரிந்திருந்த கைத்தொழில் இது. மெழுகு ஒருமுறைதான் உருகும், அச்சு ஒருமுறைதான் உடையும். ஆகவே ஒவ்வொரு வார்ப்பும் ஒற்றைப் பிரதி.

டாகர்ட் சும்மா இருக்கவில்லை. காப்புரிமை வாங்கிக்கொண்டு, தன் முறையைப் பயன்படுத்தியவர்கள்மேல் வழக்குப் போட்டார். மருத்துவர்கள் கூட்டாக எதிர்த்து நின்றார்கள். அயோவா மாநிலத்து பில்புரூக் என்பவர் 1890களிலேயே இந்த முறையை விவரித்துக் கட்டுரை படித்திருந்தது அம்பலமாகி, காப்புரிமை விழுந்தது. வாய்க்குள் இருக்கும் பொருளுக்கு வெளியே ஒரு சொந்தக்காரர் இருக்கலாமா என்ற கேள்வி அப்போது வெறும் காசு விவகாரமாகத்தான் இருந்தது.

அது வேறொரு முகத்தோடு ஜெர்மனியில் திரும்பி வந்தது. 1939 பிப்ரவரி 21 ஆணைப்படி, யூதர்கள் தம்மிடமுள்ள பொன், வெள்ளி, ரத்தினங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். விதிவிலக்குகள் கொஞ்சம் உண்டு. கல்யாண மோதிரம், புழங்கிய சாப்பாட்டுக் கரண்டிகள் சில, அப்புறம் சொந்த உபயோகத்தில் உள்ள உலோகப் பல்கட்டு. வாயின் எல்லையைச் சட்டம் அன்றைக்கு மதித்தது, அல்லது மதிப்பதாகப் பாவனை செய்தது. இரண்டு வருஷம்கூட முழுசாகத் தாங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1940 செப்டம்பர் 23 அன்று, முகாம்களில் இறந்தவர்களின் தங்கப் பற்களை எடுத்துவிடும்படி ஹிம்லர் உத்தரவிட்டார். அதே 1940இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் விக்டர் ஷோல்ஸ் என்பவர், இறந்தவர் வாயிலுள்ள தங்கத்தை மறுபடியும் பயன்படுத்தும் சாத்தியங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு கொடுத்தார். ஆய்வேடு! அதிகாரம் கொள்ளையடிக்கும்போது அறிவு அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

முதலில் இந்தத் தங்கம் எஸ்.எஸ். படையினரின் பல்வைத்தியத்துக்கே போனது. 1942 அக்டோபரில் ஹிம்லருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம் 50 கிலோ சேர்ந்துவிட்டதாகவும், படையின் தேவைக்கு அது ஐந்து ஆண்டுகளுக்குப் போதும் என்றும் கணக்குச் சொல்கிறது. கொன்றவன் வாயில் கொல்லப்பட்டவன் பொன். மிச்சம் ரைக்ஸ்பாங்குக்கு. எஸ்.எஸ். அதிகாரி புரூனோ மெல்மர் 1942 ஆகஸ்டிலிருந்து சரக்குகளைக் கொண்டுவந்து இறக்கினார்; மொத்தம் 76 தடவை. பத்தாவது தடவை, 1942 நவம்பரில், பல்தங்கம் முதன்முதலாக வந்தது என்று வங்கி அதிகாரி ஆல்பெர்ட் தோம்ஸ் பிற்பாடு வாக்குமூலம் தந்தார். இதற்கான பணம் மாக்ஸ் ஹைலிகர் என்ற பெயரிலிருந்த கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அப்படி ஓர் ஆளே கிடையாது. ஜெர்மன் மொழியில் ஹைலிகர் என்றால் புனிதர். பற்களுக்கு உரியவர்களின் பெயர் பேரேட்டில் இல்லை. இல்லாத ஆளுக்குக் கணக்கு இருந்தது.

உருக்கிச் சுத்திகரித்ததில் ஃபிராங்க்ஃபர்ட்டின் டெகுஸா நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. டெகுஸா பல்மருத்துவத்துக்கான தங்கக் கலவைகளைத் தயாரித்து விற்ற நிறுவனமும்கூட. ஸைக்ளோன்-பி விஷவாயுவை விற்ற டெகெஷ் கம்பெனியில் அதற்கு நாற்பது சதவீதத்துக்கும் மேல் பங்கு இருந்தது. பல்லை நிரப்பும் கலவை, மூச்சை நிறுத்தும் புகை, மறுபடி பல்லிலிருந்து வந்த பொன் என மூன்றும் ஒரே நிறுவனத்தின் வரவுசெலவுக்குள் வந்து சேர்ந்தன. இதை வக்கிர மனங்களின் விபத்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. உடலை மூலப்பொருளாகப் பார்க்கும் கணக்குப்பிள்ளைப் பகுத்தறிவு இது. சத்தம் போடாமல், ரசீது கொடுத்து வேலை செய்யும்.

1945 ஏப்ரலில் மெர்க்கர்ஸ் உப்புச்சுரங்கத்தில் அமெரிக்கப் படை கண்டெடுத்த பெட்டிகளில் உருக்க நேரமில்லாமல் விட்டுப்போன பல்தங்கமும் இருந்தது. ஏற்கெனவே கட்டியாகிவிட்டதை யாரால் பிரித்தறிய முடியும்? போருக்குப்பின் நாடுகளுக்குத் திருப்பித் தரப்பட்ட வங்கித் தங்கத்தில் பலியானவர்களின் தங்கமும் கலந்திருந்ததை 1997இல் அமெரிக்க அரசின் ஐசன்ஸ்டாட் அறிக்கை ஒப்புக்கொண்டது. யாருடையது, எவ்வளவு என்பதை அறிக்கையாலும் சொல்ல முடியாது. ஒரு குழிக்கு மட்டுமே பொருந்திய துண்டுகள் அவை.

2003 அக்டோபரில் பெர்லினில் படுகொலை நினைவிடத்தின் வேலை சில வாரங்கள் நின்றது. கற்களில் யாரும் கிறுக்காமல் இருக்கப் பூசிய பூச்சு டெகுஸாவின் தயாரிப்பு என்பது வெளியே தெரிந்துவிட்டது. விவாதம் நடந்தது. நவம்பரில் அதே பூச்சோடு வேலை தொடர்ந்தது. 2005 மே மாதம் 2,711 கற்களோடு நினைவிடம் திறக்கப்பட்டது.