செமிக்கா

யூத மரபில் ஒருவர் ரபியாக, அதாவது மத ஆசிரியராக, தகுதி பெறுவதைக் குறிக்கும் எபிரேயச் சொல். வேர் 'ச-ம-க்': சாய்தல், ஊன்றுதல், தாங்குதல். மோசே யோசுவாமேல் கைகளை ஊன்றிப் பொறுப்பை ஒப்படைத்ததே இதற்கு முன்மாதிரி. கைவைக்கும் சடங்கு வழக்கொழிந்தபின், ஆசிரியர் கைப்பட எழுதித் தரும் கடிதத்துக்கே இப்பெயர் நிலைத்தது. மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை அதில் 'யோரே' என்ற சொல் குறிக்கும்.

பௌத்தத்தில் இதற்குக் கிட்டத்தட்ட இணை, 'அடைதல்' என்று பொருள்படும் பாலிச்சொல் உபசம்பதா. இங்கே கடிதம் செல்லாது. பிக்குகள் சபையாகக் கூடியே தர வேண்டும். யூதராய்ப் பிறந்து உபசம்பதா பெற்றவரும் உண்டு. ஜெர்மனியின் ஹனாவ் நகரில் 1901இல் யூதக் குடும்பத்தில் பிறந்த சீக்மண்ட் ஃபெனிகர், நாஜி ஆட்சியிலிருந்து விலகி 1936இல் இலங்கை வந்தார். மறு ஆண்டு உபசம்பதா பெற்று ஞானபோனிக்க தேரரானார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரிட்டிஷ் அரசு அவரைப் பதுளை மாவட்டத்துத் தியத்தலாவை முகாமில் அடைத்தது. ஹிட்லருக்கு அவர் யூதர், வெள்ளைக்காரத் துரைமாருக்கோ ஜெர்மன்காரர்! பிறகு இந்தியாவின் டேராடூன் முகாம். அடைபட்ட காலத்திலேயே பௌத்த நூலான சுத்த நிபாதத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். விடுதலை 1946இல்.