கைக்குழந்தையின் காய்ச்சல் மருந்து: ஓர் அளவின் வரலாறு

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி, வேலூர்–திருவண்ணாமலை சாலையில் இருக்கும் பேரூராட்சி கண்ணமங்கலம். இங்கென்று இல்லை, தமிழ்நாட்டின் எந்த ஊர் மெடிக்கலிலும் “கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து” என்று கேட்டால் எடுத்துத் தருவது பாராசிட்டமால்தான். ஆனால் அலமாரியில் அது மூன்று வீரியங்களில் நிற்கிறது: ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள டிராப்ஸ், ஐந்து மில்லிக்கு 125 உள்ள சிரப், ஐந்து மில்லிக்கு 250 உள்ள சிரப். எந்த மருந்து என்ற கேள்விக்கு விடை கிடைத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. எவ்வளவு, எதில் கரைத்து என்ற இரண்டும்தான் இன்னும் குழந்தைகளின் உயிரை வாங்குகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

மெடிக்கல் வருமுன் அளவு உரைகல்லில் இருந்தது. வசம்பை விளக்கில் சுட்டு, தாய்ப்பால் விட்டு, இத்தனை உரசு என்று எண்ணி உரசி நாக்கில் தடவினார்கள். அதற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். வசம்பிலுள்ள பீட்டா அசரோன் நச்சுத்தன்மை உடையது என்று இன்று தெரியும். பழையது என்பதற்காக அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. உரசுகிற பாட்டியின் கை, மடியில் கிடந்த பிள்ளையின் உடம்பைப் பார்த்து எண்ணியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

ஆஸ்பிரின் என்ற காய்ச்சல் மருந்து 1899இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே ஆய்வகத்தில் உருவாகியிருந்த பாராசிட்டமால், 1893இல் மருத்துவர் வான் மெரிங் நச்சுடையதென்று அதன்மீது சுமத்திய தவறான பழியால் அரை நூற்றாண்டு ஒதுங்கிக் கிடந்தது. 1948இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிராடியும் ஆக்செல்ராடும் அதை மீட்டார்கள். 1955இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான திரவ மருந்தாகவே அது கடைக்கு வந்தது. 1963இல் ஆஸ்திரேலிய நோய்க்குறியியலாளர் டக்ளஸ் ரே, குழந்தைகளின் மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு நோயை விவரித்தார். அம்மை, ஃபுளூ காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதோடு அதற்குத் தொடர்பு இருப்பது பின்னர் தெரிந்தது. 1986இல் பிரிட்டன் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரினை நிறுத்தியது. இந்தியாவில் நிமெசுலைடு என்ற இன்னொரு காய்ச்சல் மருந்து அந்த வயதினருக்குத் தடைசெய்யப்பட 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. சிரப்பாக்க புரோப்பிலீன் கிளைகால், கிளிசரின் போன்ற கரைப்பான் வேண்டும். அங்கேதான் வினை. அதே இனிப்பும் அதே வழவழப்பும் கொண்ட டைஎதிலீன் கிளைகால் மலிவான தொழிற்சாலைச் சரக்கு. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தை அதில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1972இல் சென்னையில் அதே நஞ்சால் குழந்தைகள் இறந்தார்கள். 1990–92இல் டாக்காவில் காரணம் புரியாத சிறுநீரகச் செயலிழப்போடு வந்த 339 குழந்தைகளை ஆராய்ந்தபோது, வங்கதேசத்தில் விற்ற பாராசிட்டமால் திரவத்தில் இந்த நஞ்சு கிடைத்தது. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பின் ஒரு தொகுப்பில் அதே நஞ்சு 48.6 சதவீதம் இருப்பதைத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டது. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.1 சதவீதம். சளிக்கு விற்ற அந்தச் சிரப்பிலும் பாராசிட்டமால் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் இறந்த குழந்தைகள் இருபதுக்கும் மேல். எண்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்தால் அதை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கரைப்பானைச் சோதிப்பது அரசின் வேலை. அளவு நம் கையில் இருக்கிறது. கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது மருத்துவர்கள் கணக்கு. ஐந்து கிலோ குழந்தைக்கு உச்சம் 75 மில்லிகிராம். டிராப்ஸ் என்றால் முக்கால் மில்லி. 125 சிரப் என்றால் மூன்று மில்லி. 250 சிரப் என்றால் ஒன்றரை. சிரப்புக்குச் சொன்ன மூன்று மில்லியை டிராப்ஸில் கொடுத்தால் 300 மில்லிகிராம், நான்கு மடங்கு. இந்தக் குழப்பத்துக்கு அஞ்சியே அமெரிக்காவில் 2011 முதல் கைக்குழந்தை மருந்தையும் பெரிய பிள்ளைகளின் மருந்தையும் ஒரே வீரியத்துக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே மூன்றும் அப்படியே இருக்கின்றன.

மாத்திரையிலும் இதே சிக்கல் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை நோய்க் கையேட்டில் 4 முதல் 14 கிலோ வரை ஒரே வரிசை: 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. அந்த 125 மில்லிகிராம், ஐந்து கிலோ பிள்ளைக்குக் கிலோவுக்கு 25 ஆகிறது. ஒரு வேளை கொடுத்ததில் பெரும் தீங்கு இராது. தடுப்பூசி போட்ட இரவில் காய்ச்சல் இறங்கவில்லையே என்று அடுத்தடுத்துக் கொடுக்கும்போது ஈரல் தாங்காது. ஜவ்வாது மலைமேல் ஒரு குக்கிராமத்தில், அடிவாரத்துக்கு இறங்க விடியும்வரை காத்திருக்கும் தாய் அப்படிக் கொடுத்தால் அவளைக் குறை சொல்லவும் முடியாது.

பெற்றோரிடம் கேட்பது இவ்வளவுதான். மருந்தை அட்டைப் பெட்டியோடும் அதற்குரிய ஃபில்லரோடும் வைத்திருங்கள். பெட்டியின்மேல் பிள்ளையின் எடை, டாக்டர் சொன்ன மில்லி, கடைசியாகக் கொடுத்த மணி மூன்றையும் எழுதுங்கள். பாராசிட்டமால் கொடுக்கும்போது கூடவே சளி சிரப் வேண்டாம்; அதிலும் அதே மருந்து இருக்கலாம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி காட்டினால் எந்தப் பாட்டிலையும் திறக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.