பெருமைக்கு உரியோர் பிழைக்கும் உரியர்

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்துக்கு அருகே அமைந்துள்ள கங்கைகொண்ட சோழபுரம், ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக விளங்கிற்று. முதலாம் இராசேந்திரன் தன் கங்கை வெற்றியின் நினைவாக எழுப்பிய நகரம் அது. ஆடித் திருவாதிரை நாளில் அம்மன்னனின் பிறந்தநாள் அங்கு அரசு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. 2025 சூலையில் நடைபெற்ற விழாவில் பிரதமரும் பங்கேற்றார். கங்கையும் கடாரமும் ஈழமும் இத்தகைய மேடைகளில் போற்றிப் பேசப்படுகின்றன. ஆனால் படை சென்ற நாடுகளில் வாழ்ந்த பிற சமயத்தார் அவ்வெற்றிகளை எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பது பெரிதும் பேசப்படுவதில்லை. தமிழ்ச் சமணருக்கு இது தொலைவான வினா அன்று. தமிழர் என்ற முறையில் அவர்கள் சோழர் புகழுக்கு உரியவர்கள். சமணர் என்ற முறையில், சோழர் படையால் எரியுண்ட ஜினாலயங்களுக்கும் உறவினர்கள்.

கருநாடகத்தின் கதக் பகுதியில் உள்ள கவர்வாடு என்னும் ஊரின் கன்னடக் கல்வெட்டு, கி.பி. 1071–72ஆம் ஆண்டைச் சார்ந்தது. கங்க அரசன் பூதுகன் அண்ணிகெரியில் எடுப்பித்த ஜினாலயத்தின் வரலாற்றை அது கூறுகிறது. சோழ மன்னன் பெள்வொல நாட்டினுள் புகுந்து அங்கிருந்த ஜினாலயங்களைத் தீக்கிரையாக்கினான் என்றும், பின்னர்ச் சாளுக்கிய மன்னன் முதலாம் சோமேசுவரனோடு நிகழ்ந்த போரில் தன் தலையை இழந்தான் என்றும் அது குறிப்பிடுகிறது. இங்குச் சுட்டப்படுபவன் இராசேந்திரனின் மைந்தனும், 1054இல் கொப்பத்துப் போர்க்களத்தில் ஆனைமேல் துஞ்சியவனுமாகிய முதலாம் இராசாதிராசன் என்பது வரலாற்றாசிரியர் கொள்கை.

இக்கல்வெட்டு எதிரி நாட்டில், அம்மன்னன் மறைந்து ஏறக்குறைய 17 ஆண்டுகளுக்குப் பின் பொறிக்கப்பட்டது. ஆகவே அதன் வசைமொழிகளை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் அதன் செய்தியை முற்றும் தள்ளுவதற்கும் இடமில்லை. கம்பிலியில் இருந்த சாளுக்கியர் மாளிகையை அழித்ததை இராசாதிராசனின் மெய்க்கீர்த்தியே பெருமையாகக் கூறுகிறது. கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்தது என அவன் பெயருடன் பொறிப்புப் பெற்ற துவாரபாலகர் சிலை தாராசுரத்தில் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்திலும் அதன் சுற்றூர்களிலும் காணப்படும் பிறநாட்டுப் பாணிச் சிலைகள் சில, போரில் கொணரப்பட்டவை என்றே ஆய்வாளர் கருதுவர். ஈழத்தில் சோழர் படையினர் பௌத்தரின் தாதுக் கருவறைகளைத் திறந்து பொருள் கவர்ந்தனர் எனச் சூளவம்சமும் உரைக்கிறது.

இத்தனைக்கும் சோழர் குடி பிற சமயங்களை வெறுத்த குடி அன்று. இராசராசனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார் திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் தனித்தனியே கோயில் எடுப்பித்தார். போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் குந்தவை ஜினாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. இராசேந்திரனின் வெற்றிகளை வரிசையாகக் கூறும் புகழ்மிக்க கல்வெட்டு அத்திருமலைப் பாறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது; ஒரு வணிகனின் மனைவி அந்த ஜினாலயத்துக்கு அளித்த கொடையே அதன் பொருள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கினான். அக்கொடையைச் செப்பேட்டில் நிலைநிறுத்திய இராசேந்திரனே பின்னர் அந்த ஸ்ரீவிசயத்தின் மீது கடற்படை செலுத்தினான்.

தம் குடிகளின் சமயத்தைக் காத்தவர்கள், பகைவர் நாட்டில் அதே சமயத்தின் கோயிலைக் காக்கவில்லை. இதற்குச் சமயப் பகையைவிடப் போர்முறையே காரணமாகலாம். ஆயினும் காரணம் எதுவாயினும் எரிந்தது ஜினாலயம். திருமலையில் ஏற்றிய விளக்கு அண்ணிகெரியில் மூட்டிய தீயை இல்லையென்று ஆக்கிவிடாது.

பிறநாட்டுச் சமயத்தாரைப் புண்படுத்திய நாட்டின் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்ற வினா இக்காலத்திலும் எழுகிறது. 2012 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானத்துப் பக்ராம் தளத்தில் அமெரிக்கப் படையினர் குர்ஆன் பிரதிகளை எரித்தது வெளிப்பட்டபோது, அதிபர் ஒபாமா ஆப்கானிய அதிபர் கர்சாய்க்கு மன்னிப்புக் கோரிக் கடிதம் எழுதினார். உள்நாட்டு எதிர்க்கட்சியினர் சிலர் அதனை நாட்டுக்கு இழுக்கு என்றனர். ஆனால் செயல் அவர் ஆணைக்குட்பட்ட படையினுடையது. பதில் கூறும் பொறுப்பும் அவரைச் சார்ந்ததே. 2001 மே மாதத்தில் ஏதென்சு நகருக்குச் சென்ற போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், 1204இல் சிலுவைப் போர்வீரர் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, கத்தோலிக்கர் இழைத்த தவறுகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு கடந்திருந்தும் அவர் அமர்ந்த பீடம் அறுபடாத பீடம். எனவே அவர் சொல்லுக்குப் பொருள் இருந்தது.

சோழர் அரியணையோ இன்று இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னன் செய்ததற்கு இன்றைய முதலமைச்சரோ பிரதமரோ மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது முறையாகாது. அது அரசியல் பூசலுக்கே விதையாகும். ஆனால் இதனால் கடமை முழுதும் தீர்ந்துவிடாது. அரியணை மறைந்தாலும் அதன் புகழை எடுத்துக்கொள்வோர் இருக்கின்றனர். தந்தையின் நிலத்தை ஏற்கும் மகன் தந்தையின் கடனையும் ஏற்பதே உலக வழக்கு. விழா எடுத்து வெற்றியைப் பாடும் அரசும் அறிஞரும், அருங்காட்சியகத்திலும் பாடநூலிலும் விழா மேடையிலும் கவர்வாட்டுக் கல்வெட்டின் செய்தியையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மன்னிப்புக் கேட்க உரியவர் இல்லாதபோது, உண்மையை மறையாது உரைப்பதே மன்னிப்புக்கு நிகரான செயல்.

தமிழ்ச் சமணருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கவர்வாட்டுக் கல்வெட்டு ஜினாலயம் எரிந்ததற்கு வருந்துவதோடு நிற்கவில்லை. எரித்தவன் தலை இழந்ததையும் நிறைவோடு பேசுகிறது. தசலட்சணத்தின் முதல் அறம் உத்தம க்ஷமை. அப்பருவத்தின் முடிவில் வரும் க்ஷமாவணி நாளில் ஒவ்வொருவரும் தாம் மன்னிப்பதாகக் கூறுவதோடு, தம்மை மன்னிக்குமாறும் வேண்டுகின்றனர். மூத்தோர் இளையோரிடமும் வேண்டுவர். அதனால் எவர் மதிப்பும் குறைவதில்லை. மன்னிப்புக் கேட்பது தலைவனுக்கு இழுக்கு என்போர் அறிய வேண்டிய உண்மை இது. பிறர் மன்னிப்புக் கேட்ட பின்பே பகை நீங்கும் என்போரும் இதனை அறிய வேண்டும்.

அக்கல்வெட்டின் எஞ்சிய பகுதி இன்னும் உயர்ந்தது. சாளுக்கியரின் கீழ் அந்நாட்டை ஆண்ட மகாமண்டலேசுவரன் இலக்குமரசன் அழிந்த ஜினாலயத்தைப் புதுப்பித்து, அதன் அறக்கொடையை மீண்டும் நிலைநிறுத்தினான். எரித்தவனின் முடிவைவிட அதுவே நினைவில் நிற்கத்தக்கது. கங்கைகொண்ட சோழபுரத்தின் விமானத்தைக் கண்டு வியக்கும் தமிழ்ச் சமணப் பிள்ளைகளுக்குத் திருமலையின் கொடையும், அண்ணிகெரியின் தீயும், இலக்குமரசனின் திருப்பணியும் ஒருங்கே சொல்லப்பட வேண்டும். அப்போதுதான் அவர்களின் பெருமிதம் உண்மையின் மேல் நிற்கும்.