லயத்துக்குள் ஒரு முணுமுணுப்பு

இதயம் எழுப்பும் இரண்டு ஒலிகளும் கதவு சாத்தும் ஒலிகள்தான். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும்போது ‘லப்’. இரத்தம் வெளியேறும் வாசலிலுள்ள வால்வுகள் மூடும்போது ‘டப்’. 1816இல் பாரிஸில் லெனெக் என்ற மருத்துவர் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்த நாள் முதல், இவற்றுக்கு நடுவே வேறு ஓசை கேட்டால் மருத்துவர்கள் எந்த வால்வில் குறை என்று தேடுகிறார்கள். இலங்கையின் மஸ்கெலியா தேயிலை மலைகளில் அந்தத் தேடல் வால்வோடு நின்றால் போதாது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் வரை போகவேண்டும் என்பது என் வாதம்.

இங்கே அந்த ஓசைக்குப் பழைய காரணங்கள் இரண்டு. ஒன்று சோகை. தோட்டங்களில் இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு அவ்வளவு மலிந்திருந்ததால்தான் 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் ஒழிப்பு வேலையை அங்கிருந்தே தொடங்கினார்கள். இரத்தம் நீர்த்தால் இதயம் விரைந்து இறைக்கும். ‘லப்’புக்குப் பின்னே மெல்லிய சீறல் கேட்கும். வால்வு பழுதற்றது, சோகை தீர்ந்தால் சீறலும் போய்விடும். மற்றது வாதக் காய்ச்சல். குழந்தைக்கு வந்த தொண்டைப்புண்ணின் கிருமியை எதிர்க்கப் போய், உடல் தன் வால்வையே புண்ணாக்கிக்கொள்கிறது. ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வு ஒட்டிச் சுருங்குகிறது. அதைக் கேட்க நோயாளியை இடப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் கிண்ணப் பக்கத்தை இடது மார்புக்குக் கீழே அழுத்தாமல் வைக்கவேண்டும். ‘லப்’ பட்டென்று தட்டும்; ‘டப்’பை அடுத்து ஒரு சொடுக்கு, பிறகு தொலைவில் லொறி ஏறுவதுபோலத் தாழ்ந்த உறுமல். தகரக் கூரையில் மழை அறையும்போது அது காதுக்கு எட்டாது.

வாதக் காய்ச்சலுக்கு மலைக்குளிர்தான் காரணம் என்பார்கள். டென்மார்க் மஸ்கெலியாவைவிடக் குளிர்ந்த நாடு; அங்கே பென்சிலின் வருமுன்பே வாதக் காய்ச்சல் குறையத் தொடங்கிவிட்டது. இந்தக் கிருமிக்கு வேண்டியது நெருக்கம், பலர் மூச்சுவிடும் ஒரே அறை. இலங்கையில் 1912இன் சட்டங்கள் தோட்ட டிஸ்பென்சரி, மருந்து, லயச் சுகாதாரம் எல்லாவற்றையும் பேசின. ஆனால் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதாவது லயத்து அறை, அப்படியே நின்றது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக 1960களின் கடைசியில் மஸ்கெலியா நகரத்தையே மேட்டுக்கு மாற்றிக் கட்ட முடிந்தது என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்கமுடியவில்லை.

இதயத்தை ஒலியலைகளால் படமெடுக்கும் எக்கோ வந்தபின் காது எதற்கு என்பது வலுவான கேள்வி. கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2007இல் வெளிவந்த ஆய்வில், காதால் கண்டதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு வால்வு நோயை எக்கோ கண்டது. ஆகவே, ஓசை இல்லை என்பதால் நோயில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது. ஆனாலும் மூச்சு வாங்குகிறது என்று வருகிற கர்ப்பிணியை, சோகை மாத்திரையோடு லயத்துக்கே அனுப்புவதா, எக்கோ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று முதலில் தீர்மானிப்பது காதுதான். சுருங்கிய வால்வு உள்ளவளுக்குப் பேறுகாலத்தில் நுரையீரலில் நீர் கட்டும். பிள்ளையோடு தாயும் போகலாம்.

வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை பென்சிலின் ஊசி, அதுவும் ஆண்டுக்கணக்கில், தவறாமல் போடவேண்டும். அதற்காகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கும் தாய்க்கு அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது.