மாஸ்கோவுக்குப் போகாத நம் குழு

புத்தகம், விளையாட்டு, வட்டாரப் பிரச்சினை என மூன்றையும் ஒரே மணி நேரத்தில் பேசும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நான் வழிநடத்தி வருகிறேன். அதில் எனக்கு உதறல் தருவது எப்போதும் விளையாட்டுப் பகுதிதான். பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது கேமராவைப் பார்த்துப் பேசச் சொல்லிக் கொடுத்தார்கள். காற்பந்து வரலாறு சொல்லிக் கொடுக்கவில்லை.

நேரலை ஒன்றில், "ஒலிம்பிக் காற்பந்துக்கு மலேசியா ஒரே ஒரு முறைதான் தகுதி பெற்றது, 1972இல்" என்று சொல்லிவிட்டேன். உடனே ஒரு பெரியவர் தொலைபேசியில் வந்தார். "என்னம்மா, எண்பதை விட்டுட்டீங்களே!" கோபத்தைவிட வருத்தமே அந்தக் குரலில் அதிகம்.

அவர் சொன்னதுதான் சரி. 1972இல் எம். சந்திரன் தலைமையில் மூனிக் சென்ற நம் குழு அமெரிக்காவை 3-0 என வென்றது. அது ஆடிய கதை. 1980 ஆடாத கதை, அதனால்தானோ என்னவோ என் குறிப்பில் அது இல்லை.

1980 ஏப்ரல் 6. நாடு விடுதலை அறிவித்த அதே மெர்டேக்கா அரங்கம். தென்கொரியாவை எதிர்த்துத் தகுதிச் சுற்றின் இறுதி ஆட்டம். சபா மாநிலத்து ஹசான் சானி கொடுத்த பந்தை அதே மாநிலத்து ஜேம்ஸ் வோங் வலைக்குள் அனுப்ப, 2-1 என வென்றோம். குழுத்தலைவர் சோ சின் ஆன், தற்காப்பில் சந்தோக் சிங், கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்களே, அவர்தான்.

ஆனால் 1979 டிசம்பரிலேயே சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தன. மாஸ்கோ போட்டியைப் புறக்கணிக்க அமெரிக்க அதிபர் கார்ட்டர் அழைப்பு விடுத்தார். உசேன் ஓன் பிரதமராக இருந்த நம் நாடும் புறக்கணித்தது. நம் இடம் ஈராக்கிற்குப் போனது. அந்தக் குழு காலிறுதி வரை சென்றது! பிரிட்டன் விளையாட்டாளர்கள் தங்கள் அரசாங்கம் விரும்பாதபோதும் மாஸ்கோ போனார்கள். இந்தியாவும் போனது, சென்னைக்காரர் பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கம் வென்றது.

ஒரு நாட்டின் மீது படையெடுத்ததைக் கண்டிப்பது நியாயம்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கண்டனத்திற்கு விலை கொடுத்தவர்கள் காற்சட்டையும் காலணியும் அணிந்து ஆடிய இளைஞர்கள். ஆறுமுகம் 1988 டிசம்பரில் கோலாலம்பூரில் சாலை விபத்தில் காலமானார். வயது 35. அதன்பின் இன்று வரை நாம் ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெறவில்லை. 2016இல் வந்த 'ஓலா போலா' திரைப்படம்தான் இன்றைய பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தை நினைவூட்டியது. அது கற்பனை கலந்த படம். ஆட்டக்காரர்களின் உண்மைப் பெயர்கள் அதில் இல்லை. புத்தகப் பகுதிக்காக இதைப் பற்றித் தமிழில் ஒரு நூல் தேடினேன். என் கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எனவே அந்தப் பெரியவரையே அரங்கிற்கு அழைத்தோம். தோட்டத்திலிருந்து அப்பாவுடன் பேருந்து ஏறி ஆட்டம் பார்க்க வந்தபோது அவருக்கு வயது பதினான்கு. அரங்கின் கூச்சல், வியர்வை, திரும்பும்போது பேருந்துக்குள் கேட்ட பாட்டு என்று எல்லாவற்றையும் சொன்னார். வாரக்கணக்கில் தேடி நான் சேர்த்த குறிப்புகளில் இதில் ஒன்றுகூட இல்லை.

"புறக்கணித்தது சரியா, ஐயா?" என்று கேட்டேன். பார்வையாளர்களில் பாதிப்பேர் 'சரி' என்று கை தூக்கினர். அவர் தூக்கவில்லை.

"போயிருந்தா தோத்துக்கூட இருக்கலாம்மா," என்றார். "அந்தத் தோல்வியையாவது நாங்க பார்த்திருப்போம்."

அடுத்த பகுதி குடியிருப்பு ஒன்றின் கால்வாய் அடைப்பு. அதற்குப் போக எனக்குச் சற்று நேரம் பிடித்தது.