54 சதமும் 43 சதமும்

தோட்டத்தில் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தது துரைமாரின் கஞ்சத்தனம் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அப்படியில்லை, அது சட்டப்படியே நடந்தது.

1927 இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், 1929 இல் தோட்டங்களுக்கு நாட்கூலி நிர்ணயித்தார்கள். உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. தாழ்நிலத்தில் 50, 40, 30. பிள்ளைக்கும் ஒரு விலை போட்டிருக்கிறார்கள் பாருங்க, அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேணும்.

கூலி இதற்குக் கீழே போகக்கூடாது என்று தொழிலாளியைக் காப்பாற்ற வந்த சட்டம்தான் இது. அதே சட்டம் பெண்ணின் நாளுக்கு 11 சதத்தைக் குறைத்தும் எழுதிவைத்தது.

ஆண் செய்வது பாரமான வேலை, பெண் செய்வது லேசான வேலை என்பார்கள். கவ்வாத்து வெட்டுவதும் கான் வெட்டுவதும் கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் கணக்கு வேலை. கொடுத்த கணக்கை முடித்த ஆண் பகலோடு லயத்துக்குத் திரும்பிவிடலாம். கொழுந்து எடுக்கும் பெண் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று, பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள். வந்தால் தண்ணி, விறகு, அடுப்பு, பிள்ளைகள். தோட்டத்துக்குக் காசு கொண்டுவந்ததே அவள் கிள்ளிய கொழுந்துதான். அந்த வேலைக்குத்தான் 'லேசு' என்று பெயர்!

1941 இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1948 இல் சுதந்திரம். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகின. இவ்வளவு நடந்தும் ஆண் கூலி, பெண் கூலி என்ற பிரிப்பு அப்படியே இருந்தது. தொழிற்சங்கங்களில் சந்தா கட்டியவர்களில் பாதிப்பேர் அளவுக்குப் பெண்கள், மேடையில் பேசியது அநேகமாக ஆண்கள். அதனால் இந்த வித்தியாசம் அவர்களுக்கும் அவசரமாகத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் நாட்கூலி இருவருக்கும் ஒன்றானது. 54, 43 என்று எழுதி 55 வருசம் கழித்து.

84 ஐப் பற்றி எங்க அம்மாயியிடம் ஒருமுறை கேட்டேன்.

"கூடுனது நெசந்தான். ஆனா சம்பளத்தன்னிக்கு வாங்கப் போனது ஒங்க தாத்தாதானே. எவ்வளவு கூடுச்சுனு எனக்கெப்படித் தெரியும்?"